அக்காவின் உயரம்

எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் தோட்டத்தில் ஒரு பூவரசங்கொம்பு ஊன்றுவது வழக்கம். அவள் கல்யாணத்துக்கு அந்த மரத்தை வெட்டித்தான் கட்டிலும் பெட்டியும் செய்வார்கள். கம்பம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் இரண்டு பூவரசு நின்றன. வடக்கே இருந்தது அக்காவுடையது. கிணற்றடியில் இருந்தது என்னுடையது.

அக்காவுக்கு எட்டு வயதானபோது, தைப்பொங்கலன்று அய்யா அவளை அவள் மரத்தோடு சேர்த்து நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராக அரிவாளால் ஒரு கொத்து வைத்தார். அடுத்த பொங்கலுக்குள் எவ்வளவு வளர்கிறாள் என்று பார்க்கத்தான். அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். எனக்கு அப்போது ஐந்து வயது.

கொத்துப்பட்ட இடம் ஆறி, உதடு மாதிரி தடித்துக்கொண்டது. மரம் மேலே மேலே போயிற்று. வடு இருந்த இடத்திலேயே இருந்தது. களையெடுத்துவிட்டு வரும்போதெல்லாம் அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிள்ளையின் தலையில் கைவைத்து நிற்கிற மாதிரியே இருக்கும். நான் அந்த வடுவைத் தாண்டி வளர்ந்த பிறகு அந்தப் பக்கம் குனிந்தேதான் போவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பர்மாவில் சண்டை நடந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மரம் வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். அன்று அய்யா சந்தைக்குப் போயிருந்தார். அம்மா வயலில் இருந்தாள். தோட்டத்து வீட்டில் நான் மட்டும்.

வந்தவர்களில் மூத்தவர் வாசலில் நின்று, "ஏத்தா, பொண்ணு மரத்த வெட்டணும்னு உங்கய்யா சொன்னாக. வடக்க நிக்கிறதுதான?" என்று கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பொண்ணுக்கு வாயி இருக்கா, இல்ல அதையும் சீர்ல சேத்துக் குடுக்கணுமா?" என்றார் கூட வந்தவர்.

அந்நிய ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. தலையை இன்னும் தாழ்த்தினேன். மூத்தவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டார்.

முதல் வெட்டு வடக்கிலிருந்து கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு மரம் சாயும்வரை நின்றேன்.

அம்மா புல்லுக்கட்டோடு வந்தாள். கட்டைப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த மரத்தைக் கையால் தடவிக்கொண்டே போய், வடுவைக் கண்டுபிடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சந்தையிலிருந்து திரும்பிய அய்யாவிடம், நான் தலையாட்டியதாக மூத்தவர் தனியே சொன்னார். அய்யா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவிடம் போய், "நாந்தான் அடையாளத்த மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. இரண்டு பேருக்கும் நான்தான் சோறு போட்டேன்.

அந்த மரத்தில் கட்டில் செய்ய அம்மா விடவில்லை. அடியிலிருந்து வடு வரைக்கும் அறுத்து வைக்கச் சொன்னாள். அதில் அக்காவின் உருவத்தைச் செய்ய, தேருக்குச் சிற்பம் செதுக்கும் ஆசாரி ஒருவரை அய்யா கூட்டிவந்தார். பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசாரி கேட்டார். அய்யாவின் முகவாய் என்றாள் அம்மா. இல்லை, அம்மாவுடையதுதான் என்றார் அய்யா. மூக்கு எப்படி என்றதும் இருவருக்கும் நினைவு வரவில்லை. போட்டோ ஏது? என்னைக் கேட்டார்கள். எப்போதும் அவளுக்குப் பின்னால் நடந்தவள் நான். எனக்குத் தெரிந்தது அவள் பின்னலும், நுனியில் ஆடும் குஞ்சமும்தான். அதைச் சொன்னேன். ஆசாரி பின்னலைப் புரி புரியாகச் செதுக்கினார். முகத்தை வழவழவென்று அப்படியே விட்டுவிட்டார்.

உருவத்தை வீட்டு மூலையில் நிறுத்தினோம். அம்மா தலையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"கை எறங்குது" என்றாள்.

தலையை உருட்டிச் செதுக்கியதில் வடுவோடு சேர்த்து இரண்டு விரற்கடை போயிருந்தது. அம்மா உள்ளே போய், அக்காவின் பாவாடையை எடுத்துவந்து, குடம் தூக்கும்போது தலையில் வைக்கிற சும்மாடு மாதிரி சுருட்டி அந்தத் தலையில் வைத்தாள். கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

பிறகு என் மரத்தை வெட்டினார்கள். அதில் ஒரு பெட்டிதான் தேறியது. நான் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, அம்மா ஒரு கையைச் சும்மாட்டின்மேல் வைத்தபடி மறு கையை என் தலையில் வைத்தாள். இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும் என்று நான் குனிந்தேன்.

"நிமிருத்தா" என்றாள். "நீ என்ன தப்பு செஞ்ச, குனியிறதுக்கு?"

வாசலில் வண்டி நின்றது. நான் சொல்லவில்லை. அம்மா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள். அப்போதும் சொல்லவில்லை.