நீர்க்காகம் இல்லாத துருத்து

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பாறசாலை டீக்கடைகளில் தினமும் தீர்ப்பாகிக்கொண்டிருந்தபோது, அரசாங்கம் என்னைப் பறவை எண்ண அனுப்பியது.

நெய்யாற்றின் நடுவே ஒரு துருத்து. ஆறு சுற்றிவரும் சின்னத் தீவு. தென்னை, மரச்சீனிக் கிழங்கு, ஒரே ஒரு வீடு. அங்கே என்னென்ன பறவைகள் உண்டு என்று மேலிடம் அறிய விரும்பியது. மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியும் அவசரம் அதற்கு இல்லை.

முறை எளிது. துருத்தின் நீளத்துக்கு முளையடித்துத் தரையோடு கயிறு கட்ட வேண்டும். அடையாளத்துக்கு அதில் வெள்ளைத் துணி முடிச்சுப்போட வேண்டும். கயிற்றின் வழியே நடந்து, இருபுறமும் சில கஜ தூரத்துக்குள் தென்படும் பறவைகளை மட்டும் எண்ண வேண்டும். நானும் என் அதிகாரியும் மறுமுனையில் முளையடித்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரி கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“இதாக்கும் புது எல்லை, இல்லியா சாறே?”

“எல்லை ஒண்ணும் இல்லக்கா. பறவை எண்ணத்தான்” என்றேன்.

“காக்கா எண்ணதுக்கா உங்களுக்குச் சம்பளம்? எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு நினைச்சியளா? கயிறுக்கு அங்கோட்டு எனக்க வீடு, இங்கோட்டு கிணறு. நாளைக்கு ஒரு குடம் வெள்ளம் கோர நான் போலீசுகாரன்கிட்ட கேக்கணுமா?”

யோசித்தால், எங்கள் உண்மையைவிட அவர் சந்தேகம் நம்பும்படி இருந்தது.

“எந்த ராஜ்யமானாலும் சரி. ரெண்டும் ஒண்ணுல கெடக்கணும்.”

அனுமதி பெற்ற பாதையை மாற்ற முடியாது, தலைமையகத்துக்கு எழுத வேண்டும் என்றார் அதிகாரி. பதில் வருவதற்குள் மாநிலமே மாறிவிடலாம். வழியில் தடை இருந்தால் கயிற்றை வளைக்கலாம் என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். தடைக்கு ஆதாரம் கேட்டார். ஆதாரம் கயிற்றின் மேல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

கயிறு கிணற்றுக்கு அப்பால் வளைந்தது. வீட்டுக்குப் பின்னால் நீர்க்காகங்கள் அடைந்து கிடந்த புன்னை மரம் எங்கள் தூரத்துக்கு வெளியே போய்விட்டது. அவை போட்ட கூச்சலில் அதிகாரி சொல்வது எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் விதிப்படி அந்தத் துருத்தில் நீர்க்காகம் கிடையாது.

வீட்டுக்காரி குடத்தோடு வந்தார்.

“மரத்துல கெடக்கிறத எண்ணலியா சாறே?”

“அது கயிறுக்கு ரொம்ப அந்தப் பக்கம்க்கா. எண்ணக்கூடாது.”

“அப்போ எல்லைன்னு நான் சொன்னது சரியாக்கும்” என்றபடி கிணற்றில் வாளியை இறக்கினார்.