விமலாவின் டிஸ்கஸ் மீன்கள்

போன மாதம் பெய்த மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஆவடி பக்கத்தில் எங்கள் சேக்காட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. மழை விடாமல் பிடித்தால் முதலில் கரண்ட் போகும். அப்புறம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அப்புறம் மோட்டார் ஓடாமல் வீட்டுக்குள் தண்ணீர்ப் பஞ்சம் வரும்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுத் தயாளன். இரண்டு கையிலும் காலி வாட்டர் பாட்டில்கள்.

"சார், கொஞ்சம் சுடுதண்ணி போட்டுக் குடுக்கறீங்களா? என் ஊட்ல கேஸ் தீந்துகீது."

குளிப்பதற்கா என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல சார். மீனுக்கு."

மீன் குழம்புக்கு இல்லை... மீனுக்கு. என் மனைவி ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். எனக்கும் தெரியும்தான். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

தயாளன் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அவர் மனைவி விமலா நர்ஸ். போன வருஷம் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஹாலில் இருந்த மீன் தொட்டியை. அதில் நான்கு டிஸ்கஸ் மீன்கள்.

டிஸ்கஸ் பார்த்திருக்கிறீர்களா? சின்னத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். ஆரஞ்சு உடம்பில் நீலக் கோடுகள் – ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு யாரோ பொழுதுபோகாமல் கிறுக்கிய மாதிரி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் எதையும் தாங்காது. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். எங்கள் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும், அது ஆகாது. கேன் தண்ணீர் கலக்க வேண்டும். இருட்டில் திடீரென்று லைட் போட்டால் மிரண்டு கண்ணாடியில் போய் மோதும். அதற்காக விமலா முதலில் சமையலறை லைட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹால் லைட்டைப் போடுவாள். மனசு சரியில்லை என்றால் – மீனுக்குத்தான் – கலர் போய், உடம்பு கறுத்து, மூலையில் போய் நின்றுகொள்ளும்.

இவ்வளவு செல்லம் கேட்கிற ஜீவனை எதற்கு வளர்க்க வேண்டும்? ஒரு தடவை விமலாவிடமே கேட்டேன்.

"ஆஸ்பத்திரில நாள் பூரா வலிச்சுகினு கீறவங்களயே பாக்கறேன் சார். ஊட்டுக்கு வந்தா கலரா எதுனா பாக்கணும்னு கீது" என்றாள்.

அந்த நான்கில் பெரியது குண்டு. அது விமலா வைத்த பெயர். கையைக் கண்ணாடியில் வைத்தால் நாய்க்குட்டி மாதிரி கிட்டே வரும். விமலா போன பிறகு தயாளன் கைக்கும் பழகிவிட்டது. தினமும் அவள் ட்யூட்டி முடிந்து வீடியோ காலில் வருவாள். "மொதல்ல மீனு. அப்பறம்தான் நானு" என்பார் தயாளன். குறையாகச் சொல்வது போலத்தான் சொல்வார். ஆனால் அந்த நேரத்துக்கு முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருப்பார்.

கரண்ட் போனதும் தொட்டியில் ஹீட்டர் நின்றுவிட்டது. ஃபில்டரும் நின்றுவிட்டது. சுடுதண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்க விட்டார். ஆறினதும் மறுபடி மேலே வந்தார். மழைச் சத்தத்தில் அவர் செருப்புச் சத்தம் படியில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் எங்கள் கேஸும் தீர்ந்தது.

கரண்ட் வந்தபோது தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. மீன்கள் நான்கும் கறுத்து மூலையில் நின்றன. தண்ணீரை மாற்றினார். மருந்து ஊற்றினார். ஒன்று செத்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரு காலையில் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. நான் போனபோது அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நிறம் போன பிறகு அது வேறு ஏதோ ஒரு மீன் மாதிரி இருந்தது.

"விமலாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வோல்டேஜ் கம்மி, தொட்டி லைட் எரியலன்னு சொல்லிகினு கீறேன்."

"சொல்லிடுங்க தயாளன். மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நா அயுதா கண்ணத் தொடைக்க நீங்க கீறீங்க சார். அக்கா காபி போட்டுக் குடுப்பாங்க. அவ அயுதா யாரு கீறாங்க? ரூம்ல நாலு பேரு, நாலும் வேற வேற பாஷை."

கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொன்ன அதே ஆள்தான். குண்டு மாதிரியே ஒன்று தேடினோம்; செத்த மற்ற இரண்டும் மூலையில் ஒளிந்திருக்கின்றன என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். கடை கடையாக ஏறி இறங்கினோம். சாயல் ஒத்துப்போனால் அளவு வராது. அளவு வந்தால் கோடு வேறு மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் கவரில் காற்றடித்துக் கட்டிக் கொடுத்தார். குளிர்காற்று படக்கூடாது என்று அதைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்தபடி ஆவடி வரை வந்தேன். வழியெல்லாம் அது என் வயிற்றுப் பக்கம் துடித்துக்கொண்டே வந்தது. என்ன காரியம் செய்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் கால் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தயாளன்தான் இருக்கச் சொன்னார். விமலா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா, குண்டு சூப்பரா கீது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "கைய வெய்யி கண்ணாடில" என்றாள்.

வைத்தார். புது மீன் விலுக்கென்று திரும்பி மூலைக்கு ஓடி, ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்தது.

"அது என் குண்டு இல்லய்யா."

"மழைல பயந்துகினு கீது விமலா..."

"குண்டு உன் கையப் பாத்தா ஓடாது. கிட்ட வரும். எப்ப செத்துச்சு?"

தயாளன் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். பழையதில் ஒன்றுதான் மிச்சம் என்பதையும். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றியது.

"போன மாசம் அத்தையப் பத்திக் கேட்டேன். லேசா வழுக்கிட்டாங்க, ஒண்ணும் இல்லன்னு சொன்னே. அதுவாச்சும் நெஜமா?"

தயாளன் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். அவர் அம்மா பாரிவாக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இன்னும் படுக்கையில்தான். எங்கள் பில்டிங்கில் எல்லோருக்கும் தெரியும்.

"இடுப்பு எலும்பு ஒடஞ்சி ஆபரேசன் ஆச்சு" என்றார்.

"நா நர்ஸுய்யா" என்றாள் விமலா. குரலை உயர்த்தவே இல்லை. "எவங்க எவங்க அம்மாவயோ தூக்கி உக்கார வெச்சுகினு கீறேன். எங்க அத்தைக்கு எலும்பு ஒடஞ்சத எங்கிட்ட சொல்லல. இனிமே நீ நல்லா கீறேன்னு சொன்னா நா எப்படி நம்பறது?"

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் கால் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இவர் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. அந்த நேரத்துக்கு இவர் மட்டும் முகம் கழுவி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொளத்தூரில் பளபளவென்று இருந்த மீன் இங்கே வந்து கறுத்துப்போனது. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது சாப்பிடவில்லை என்று இவரும் சாப்பிடவில்லையோ என்னவோ... என் மனைவி கொடுத்தனுப்புகிற டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நாம் எல்லோரும் இப்படித்தான் கண்ணாடித் தொட்டி கட்டி வைக்கிறோம் இல்லையா? உள்ளே எல்லாமே கலராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். காய்ச்சலைச் சொல்வதில்லை, சண்டையைச் சொல்வதில்லை. அவர்களும் பதிலுக்கு அங்கிருந்து ஒரு தொட்டியைக் காட்டுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறோம், சந்தேகமே இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு இரண்டு பக்கமும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முந்தாநாள் என் மனைவியின் போனுக்கு விமலாவிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அக்கா, அவரு சாப்பிடறாரா? மறைக்காம சொல்லுங்க.'

'நல்லா சாப்பிடறார்மா, கவலைப்படாதே' என்று என் மனைவி டைப் அடித்தாள். அடித்துவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கொளத்தூர் வரை போய்வந்த ஆளிடம் என்ன யோசனை கேட்பது என்று நினைத்தாளோ என்னவோ, அவளே அதை அழித்தாள். வேறு அடித்தாள்.

'சரியா சாப்பிடறது இல்ல விமலா. இளைச்சுட்டார். ஷேவ் பண்ணிக்கிறது இல்ல. புது மீனும் சாப்பிடல.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே போன் அடித்தது. நாங்கள் இருவரும் படிப் பக்கம் போய் நின்றோம். விமலாதான் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாள்; என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. தயாளனின் "ம்... ம்..." மட்டும் கேட்டது. பிறகு அவர் அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தையல் பிரித்தது, வாக்கர் பிடித்து நிற்க வைத்தது, படுத்தே இருந்ததில் முதுகில் புண் வந்தது. கடைசியில், "எனுக்குப் பயமா கீது விமலா" என்றார்.

அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஆனால் அந்தக் கால் சீக்கிரத்தில் முடியவில்லை.

நேற்றுக் கீழே போயிருந்தேன். புது மீன் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. மிச்சமிருந்த பழைய மீனும் அதன் பக்கத்தில் கறுத்துப் போய் நிற்கிறது. பிழைக்குமா என்று தயாளனுக்கே தெரியவில்லை. அதை அப்படியே அவளுக்குப் போனில் காட்டுகிறாராம்.

நல்லாயிருக்கேன் என்று சொல்கிறவனை யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.