ஆர்டிஸ் வீட்டு நிலவறைக் குடித்தனம்

ஆர்டிஸ் குவாமுக்கு ஊர் ஒழுங்காக இருக்கணும். ஊர் என்றால் முக்கியமாகப் பக்கத்து வீடு. அங்கே வாடகைக்கு இருந்த கல்லூரிப் பையன்கள் சோபாவைக் கூரையில் ஏற்றிப் போட்டு பீர் குடித்தார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தெட்டு வருஷம் கரண்டி பிடித்த அம்மாள் சும்மா விடுவாளா? நகர மன்றத்துக்கே போய், "வாடகைக்கு விடுற ஒரு வீடு பாக்கியில்லாம உரிமம் வாங்கணும், சோதனை நடக்கணும்" என்று முழங்கினாள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் யாரும் முழங்கிப் பழக்கமில்லை. மன்றத்தார் மிரண்டுபோய்ச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரியில் அந்தப் பக்கத்து வீட்டைச் சோதிக்க, கோல்பி என்ற இளம் அதிகாரி வந்தான். குளிரில் நிற்கிறானே என்று ஆர்டிஸ் காபிக்குக் கூப்பிட்டாள். இரண்டு முறை வேண்டாம் என்றான். எங்கள் ஊரில் அது மரியாதை. மூன்றாம் முறை உள்ளே வந்து உட்கார்ந்தான்.

காபி வாசனைக்கு நிலவறையிலிருந்து லோவல் ஏறி வந்தார். பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசலை அடைக்கிற உடம்பு.

"உங்க அண்ணனாம்மா?" என்றான் கோல்பி.

"அண்ணனா? என் வீட்டுல குடியிருக்கார் தம்பி. பதினோரு வருஷமா கீழ் ரூம்தான். இப்படி ஒரு குடித்தனக்காரர் உனக்கு இந்த ஊர்லயே கிடைக்க மாட்டார்."

ஆகா, என்ன பெருமை. கோல்பி கோப்பையைக் கீழே வைத்தான். "உரிமம் வாங்கியிருக்கீங்களாம்மா?"

சட்டம் போடச் சொன்ன அம்மாளுக்கு அது தன் வீட்டுக்கும் உண்டு என்று அதுவரை தோன்றவேயில்லை. கோல்பி பாவம், காபி குடித்த கூச்சத்தோடு கீழே இறங்கி ஜன்னலை அளந்தான்.

"இருபது அங்குல அகலமாவது வேணும். இது பதினாலு. தீப்பிடிச்சா ஐயா இது வழியா வெளிய வர முடியாது. முப்பது நாள்ல ஜன்னலைப் பெரிசாக்குங்க, இல்லன்னா அவர் காலி பண்ணணும்."

"தரை கல்லா உறைஞ்சு கிடக்கே தம்பி. மே மாசம் வரைக்கும் எவன் தோண்டுவான்?"

"சட்டம்மா."

யார் கேட்ட சட்டம் என்று அவன் சொல்லவில்லை. நல்ல பையன்.

மாடி கிடையாது, மேலே இருப்பது ஒரே படுக்கையறை, அது ஆர்டிஸுடையது. லோவல் மறுநாளே பழைய அட்டைப்பெட்டிகளைத் தேடி எடுத்துவந்தார். ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். இந்த மனுஷன் போய்விட்டால் காலையில் யாரோடு உட்கார்ந்து பையன்களைத் திட்டுவது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தாள். உரிமையாளரின் உறவினர் குடியிருந்தால் உரிமம் தேவையில்லை. ரத்த உறவானாலும் சரி, திருமண உறவானாலும் சரி.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டபடியே சொன்னாள். "லோவல், நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா நீங்க போக வேண்டியதில்லை. ஒம்பதாம் பக்கத்துல இருக்கு."

லோவல் மென்று முடித்தார். "அதுவும் ஒரு யோசனைதான்," என்றார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை இதற்கு மேல் உருகமாட்டான்.

மூன்று வாரத்தில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை கேக் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல நிலவறைக்கு இறங்கிப்போய்ப் படுத்தார். சட்டத்துக்குப் பரம திருப்தி.

கோல்பி வந்து சான்றிதழைப் பார்த்தான். "சரியா இருக்கும்மா. ஃபைலை மூடிடறேன்."

"அந்த ஜன்னல்?"

"அது இனிமே எங்க வேலை இல்லம்மா. குடும்பத்து ஆளுங்க எங்க தூங்கினாலும் நாங்க கேக்கிறதில்ல."

"தீப்பிடிச்சா?"

கோல்பி காபியை முடித்துக் கிளம்பினான். வாடகைக்காரன் என்றால் நகரமே பதறும். புருஷன் என்றால் வெந்து போகலாம் போலிருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஆர்டிஸ் நினைத்திருந்தாள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு வருஷம் அந்தப் பதினாலு அங்குலச் சந்துக்குப் பக்கத்தில் இந்த மனுஷனைப் படுக்கவைத்திருக்கிறாள். ஒருநாளும் யோசித்ததில்லை. பையன் அளந்து சொன்னபோதுகூட, அவர் போய்விடுவாரே என்றுதான் பயந்தாள்.

அவன் போனதும் நிலவறைப் படி உச்சியில் நின்றாள்.

"லோவல், தலகாணிய எடுத்துக்கிட்டு மேல வா."

பதினோரு வருஷத்தில் அவரை அவள் 'வா' என்றது இதுதான் முதல் முறை. கீழேயிருந்து குரல் வந்தது. "ஃபைலைத்தான் மூடிட்டாங்களே ஆர்டிஸ். நான் பயங்கரமா குறட்டை விடுவேன். உனக்குத் தூக்கம் வராது."

"விடு. அந்தச் சத்தம் கேட்டாதான் இனிமே எனக்குத் தூக்கம் வரும்."