துரையிடம் தோற்கும் உத்தியோகம்

வெள்ளைக்காரன் காலத்தில் செம்மேட்டுக் காட்டிலாகா ஆபீசில் நான் குமாஸ்தா. பைல் பார்ப்பதெல்லாம் பெயருக்குத்தான். சாயங்காலம் துரையிடம் டென்னிஸில் தோற்பதே என் மெய்யான உத்தியோகம். அவர் அடித்த பந்து வலையைத் தாண்டினாலே அதிசயம். அப்படிப்பட்டவரிடம் தோற்க எவ்வளவு திறமை வேண்டும் என்று சம்பளம் போட்டவர்களுக்குத் தெரியாது.

ஒரு கோடையில் துரைக்கு விருந்தாளியாக ஒரு ஜப்பானியர் மலையேறி வந்தார். தேசம் தேசமாகப் போய் இரட்டையர் ஆட்டம் ஆடுவதையே பிழைப்பாகக் கொண்டவர். துரையும் துரைசானியும் ஒரு பக்கம் நின்றார்கள். அவரும் நானும் மறுபக்கம்.

நான் வழக்கம்போலப் பந்துகளைப் பக்தியோடு வலையில் சேர்த்தேன். அந்த மனுஷரோ என் பங்குக்கும் ஓடி ஓடி அடித்து, முதல் செட்டை ஜெயித்துத் தொலைத்தார். துரையின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. பங்களா காவல்காரர் பதறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, அவருகிட்டச் சொல்லிப்போடுங்க. தொரை தோத்தா நாளைக்கு நம்ம எல்லாருக்கும் திண்டாட்டமுங்க.”

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த செட்டில் ஒரு சுலபமான பந்தை நான் பலாமரத்துக்கு அனுப்பியதும், ஜப்பானியர் என்னை உற்றுப் பார்த்தார். அதன்பின் அவர் அடித்த பந்துகளும் நூலிழையில் கோட்டுக்கு வெளியே விழுந்தன. கூட்டாளியின் மனமறிந்து ஆடுவதுதானே இரட்டையர் ஆட்டம்!

துரை ஜெயித்தார். ஜப்பானையே வென்றுவிட்ட பெருமையில் தனக்குத்தானே விஸ்கி ஊற்றிக்கொண்டார்.

“எவ்வளவு காலமாக இப்படி ஆடுகிறீர்கள்?” என்று ஜப்பானியர் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

“வேலையில் சேர்ந்த நாள் முதல்.”

அவர் இடுப்பு வளைய என்னை வணங்கினார்.

“அப்படியானால் நம் இருவரில் தொழில்முறை ஆட்டக்காரர் நீங்கள்தான்.”