மிஷின் வைத்த மஞ்சள் புள்ளி

கலர் பிரிண்ட் கடையில் வேலை பார்ப்பவருக்கு ஊரில் நடக்கப்போகும் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாறுதல் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் ஒரே தர்மம். அந்தத் தர்மம் எங்கள் மிஷினுக்கு இல்லை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த விமலாக்காவை, அவர் அடிக்காத ஒரு நோட்டீசுக்காக வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். சாட்சி சொன்னது எங்கள் கடை மிஷின்.

செல்போனில் கேமரா வந்த புதிது. நான் வேலூரில் எம்.ஏ. படித்துக்கொண்டு, சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த அந்தக் கடையில் உட்கார்ந்தேன். ஓனரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் என்று உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பேப்பர் சிக்கினால் நம்ம தப்பு. கரண்ட் போனால் நம்ம தப்பு. மாப்பிள்ளை பெயரை அவர்களே தப்பாக எழுதிக் கொடுத்தாலும் நம்ம தப்புதான்.

உண்ணிக்கடி

தோல் பதனிடும் ஷாப்பில் கலர் மாஸ்டராக இருந்த ஒருவர் ஷேடு கார்டு அடிக்க வந்தார். அட்டையில் கம்பெனி பெயர் அச்சாகி, மீதி இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த வெள்ளையில் தோல் துண்டுகளை ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அடித்துக் கொடுத்ததும் மனிதர் சட்டைப் பையிலிருந்து லென்ஸ் எடுத்தார். நாள் முழுக்கத் தோலில் தழும்பு தேடுகிற கண். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வெள்ளை இடத்தில் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி இருக்கிறது என்றார். நானும் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. சிதறிக் கிடக்கவில்லை, வரிசையாக இருந்தது.

தூசி என்று பாய் சொன்னார். பேப்பர் கட்டு மாற்றினோம், புள்ளி போகவில்லை. கண்ணாடி துடைத்தோம், போகவில்லை. மாஸ்டர் அட்டைகளை மேஜை மேல் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "உண்ணி கடிச்ச தோலு கூட இத்தினி வரிசையா இருக்காதும்மா. இது ரிஜெக்ட்டு."

டிரம்மைத் துடைக்க வந்தவர்

சர்வீஸ் இன்ஜினியர் வேலூரிலிருந்து வந்தார். மிஷினைப் பிரித்தார், துடைத்தார், மூடினார். புள்ளி அப்படியே இருந்தது. பாய் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "மேடம், இது ரிப்பேர் இல்ல" என்றார். கலர் மிஷின்கள் பலவற்றில் இப்படித்தானாம். ஒவ்வொரு பக்கத்திலும் மிஷின் நம்பர், தேதி, நேரம் மூன்றையும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளியாக வைத்துவிடுமாம். கள்ள நோட்டு அடிப்பவனைப் பிடிப்பதற்காகவாம்.

எனக்கு உச்சி சுட்டது. மிஷினோடு வந்த புத்தகத்தில் இது எழுதியிருக்கிறதா? இல்லை. விற்கும்போது சொன்னார்களா? இல்லை. காசு கொடுத்து வாங்கிய எங்களுக்கே தெரியாமல் எங்கள் மிஷின் யாருக்காக வேலை பார்க்கிறது? நான் கேட்டுக்கொண்டே போக, அவர் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்: "கள்ள நோட்டு அடிக்காதவங்களுக்கு இன்னா மேடம் பேஜாரு?"

போர்டு

அன்றைக்கே அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன்: 'இங்கு எடுக்கும் கலர் பிரிண்டில் மிஷின் எண், தேதி, நேரம் மறைவாகப் பதிவாகும்.' ஒருவர்கூடக் கோபப்படவில்லை. ஒரு காலேஜ் பையன், அது எக்ஸ்ட்ரா சார்ஜா என்று கேட்டான். ஒரு அம்மா, பிள்ளையின் பிறந்தநாள் போட்டோவில் தேதி விழுவது நல்லதுதானே, வருஷம் மறக்காது என்றார். நான் தனிமனித உரிமை என்று ஆரம்பித்தேன். அவர் பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் போர்டைக் காணோம். பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படாமல், அலுத்துப் போன குரலில் சொன்னார்: "டீக்கடைக்காரன் பால்ல எவ்ளோ தண்ணின்னு போர்டு வெக்கிறானாமா? நம்ப மட்டும் இன்னாத்துக்கு?"

ராகு காலம்

போர்டைப் படித்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். குடியாத்தம் பக்கத்து விவசாயி; பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நேரம் விழும்னு போட்டிருந்தீங்களேம்மா, அது எந்த நேரம்? முகூர்த்த நேரமா, அடிச்ச நேரமா?" என்றார். அப்பாடா, ஒரு மனிதருக்காவது உறைத்ததே என்று, அடித்த நேரம்தான் என்று உற்சாகமாக விளக்கினேன்.

அவர் பாய் பக்கம் திரும்பி, எப்போது அடித்தீர்கள் என்று கேட்டார். பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவதற்கு முன்னால் அவசரமாக அடித்தவர். மறைக்கத் தெரியாமல் அதைச் சொல்லிவிட்டார். விவசாயி கட்டைக் கவுண்டரில் வைத்தார்: "வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். ஒவ்வொரு பத்திரிகையிலயும் ராகு காலத்த அடிச்சி வெச்சிருக்கீங்க. வேற அடிச்சிக் குடுங்க பாய்!"

சிவப்பு டோக்கன்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், ஷிப்ட் விட்டு வந்த பெண் ஒருத்தி கடைக்குள் நுழைந்தாள். பெயரை அப்போதும் நான் கேட்கவில்லை, இப்போதும் எழுதமாட்டேன். அவள் வேலை செய்த அந்த ஷூ கம்பெனியில் பெண்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சிவப்பு டோக்கன் வாங்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். 'எங்கள் உடம்புக்கு டோக்கன் எதற்கு?' என்று ஒரு நோட்டீஸ், நடுவில் அந்த டோக்கன் படம். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் பிரிண்ட் என்றாள்.

புள்ளி விஷயத்தை அவளிடம் சொன்னேன். கறுப்பு மிஷினில் அடித்துத் தருகிறேன், அதில் இந்தத் தொல்லை இல்லை என்றேன். டோக்கன் சிவப்பாகத் தெரியாவிட்டால் நோட்டீஸே வேண்டாம் என்றாள். பிறகு சிரித்தாள்: "எங்க மேனேஜரு எங்க மூஞ்சியவே பாக்க மாட்டாரு மேடம். புள்ளியையா பாக்கப் போறாரு?"

நீல டார்ச்

பார்த்தார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டர் அதிகாரி இன்டர்நெட்டில் இந்தப் புள்ளிகளைப் பற்றிப் படித்தவராம். பாத்ரூம் சுவரிலிருந்து கிழித்த நோட்டீஸை நீல டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்; நீல வெளிச்சத்தில் மஞ்சள் புள்ளி கறுப்பாகத் தெரியும். ஆம்பூரில் கலர் மிஷின் வைத்திருந்த கடைகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு கடையிலும் ஒரு சாம்பிள் பிரிண்ட் எடுத்து, எந்த மிஷின் என்று ஒப்பிட்டுவிட்டார். எங்கள் கடைக்கு வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். பாய் வாடிக்கையாளர் என்று நினைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்.

புள்ளி காட்டிய நேரம் மதியம் இரண்டு மணி. அந்த நாள் அந்த நேரத்தில் பர்மிஷன் போட்டு வெளியே போயிருந்தது விமலாக்கா ஒருவர்தான். எங்கள் தெருக்காரர். மகளை ஸ்கேன் எடுக்க வேலூருக்கு அழைத்துப்போன நாள் அது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாராம். வழியில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடித்திருக்கலாமே என்றார்களாம். அவர் சம்பளம் வந்தால்தான் மகளுக்கு அடுத்த மாத்திரை. என்னிடம் வந்து அழவில்லை, கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "உன் மிஷினுக்கும் எனக்கும் இன்னா பாப்பா பகை?"

நாலரை மணி நேரம்

இரண்டு மணி என்பது பொய். அந்தப் பெண் வந்தது விளக்கு வைக்கிற நேரம், நான்தான் அடித்துக் கொடுத்தேன். மிஷினின் பட்டன்களை அழுத்தி அழுத்தி மெனுவின் அடியாழத்துக்குப் போனேன். அங்கே ஒரு கடிகாரம், நாலரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்து, அந்த ஊர் நேரத்தோடு சென்னை வழியாக வந்த பழைய மிஷின் அது. பிரிண்டருக்குள் கடிகாரம் இருப்பதே யாருக்கும் தெரியாதபோது, யார் அதைத் திருத்தி வைப்பார்கள்?

உடனே ஓடிவிடவில்லை. நேரத்தைத் திருத்தினால் விமலாக்கா தப்பிப்பார், நிஜமாக அடித்தவள் மாட்டுவாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டோடு நாலரை, ஆறரை. ஷிப்ட் விடுவது ஐந்தரைக்கு. ஆறரைக்கு மொத்தக் கம்பெனியும் கேட்டுக்கு வெளியேதான். பாயிடம் சொன்னேன். அந்தக் கம்பெனியின் டப்பா லேபிள் எல்லாம் எங்கள் கடையில்தான் அடிக்கிறார்கள். அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, "போய்ட்டு வா. நான் வரல" என்றார்.

விமலாக்காவோடு கம்பெனிக்குப் போனேன். பெர்சனல் மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அதிகாரி பக்கத்தில் டார்ச்சோடு நின்றார்.

"சார், எங்க கடைக்கு சாம்பிள் எடுக்க எத்தன மணிக்கு வந்தீங்க?"

"காலைல பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும்."

"அந்த பேப்பர்ல எத்தன மணின்னு இருக்கு, பாத்து சொல்லுங்க."

மிஷின் நம்பரை மட்டும் பார்த்த மனிதர் நேரத்தை அப்போதுதான் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஏழு."

"ஏழு மணிக்கு எங்க கடை ஷட்டர் கூட தூக்கியிருக்காது சார். நீங்க எங்க உக்காந்து பிரிண்டு எடுத்தீங்க?"

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்து, வித்தியாசமான நாலரையை இரண்டோடு கூட்டினார். ஆறரை என்று வந்ததும் அதை மேஜை மேல் தள்ளிவிட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "அப்ப ஆறரைக்கு வந்தது யாரு? நீதானே கடையில இருந்த?"

"கடைக்கு யார் வந்தாங்கன்னு சொல்றது எங்க வேலையில்ல சார். அது மிஷின் வேலை. அதுக்கு மணியே தெரியல."

மேனேஜர் விமலாக்காவைப் பார்க்காமலே, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு என்றார், ஏதோ அக்கா அந்த அறையில் இல்லாததுபோல. விமலாக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கிளம்பவில்லை. தப்பாகச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை அக்காவிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாதா என்று கேட்டேன். மேனேஜருக்கு உண்மையாகவே புரியவில்லை. பதில் சொல்லும்போது குரலில் ஒரு கனிவுகூட இருந்தது.

"மன்னிப்பு எதுக்கும்மா? நாங்க யாரையும் சந்தேகப்படல. மிஷின்தான் சந்தேகப்பட்டுது."