மாதையனுக்கு நான் எழுதாத இருபத்துநான்கு பக்கங்கள்

மாதையனின் பாடப்புத்தகத்தில் இருபத்துநான்கு பக்கங்களை நான் எழுதாமல் விட்டேன். விட்டது அவன் விரலுக்குத் தெரியாதபடி பக்க எண்களையும் மாற்றினேன். அவன் வந்து கேட்டபோது பொய் சொன்னேன். மூன்றையும் தெரிந்தே செய்தேன். இந்த வேலைக்கு இனி வரப்போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. ஊசியும் தாளும்

சென்னையில் பி.ஏ. முடித்தபின் இரண்டு வருஷம் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான ஆங்கிலப் பிரெயில் அங்கே கற்றது. பிறகு தருமபுரியில் பள்ளி ஆசிரியனானேன். இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய சமயம், வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கடத்தூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் பி.ஏ. வகுப்பில் சேர்ந்திருக்கிறான், சிறுவயதில் அம்மையில் கண் போனவன், அவனுக்குப் புத்தகங்களைப் பிரெயிலில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவன்தான் மாதையன். அவர்களுக்கு அது ஒரு சோதனை. அவன் முதல் தடவையிலேயே தேறினால் மற்றப் பார்வையற்றோரையும் சேர்ப்பார்கள். தவறினால் அவனுடைய கல்லூரிக் கட்டணச் சலுகை போகும், திட்டமும் நின்றுவிடும். முதல் நாளிலேயே எனக்கு இது தெரியும்.

தடித்த தாளைப் பலகையில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழுந்து இடமிருந்து வலமாகப் படிக்க வரும். அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணை அந்தந்த இடத்தில் மூலையில் குத்துவோம். வகுப்பில் ஆசிரியர் ஒரு பக்கத்தைச் சொன்னால் மாணவன் விரல் அங்கே போகும். எதையாவது விட நேர்ந்தால், முதல் தாளில் ‘விட்டவை’ என்று பட்டியல் போட வேண்டும். அதுதான் இத்தொழிலின் நாணயம்.

எழுதி முடித்த கட்டுகளை எடுத்துப்போக மாதையனின் அண்ணன் சின்னசாமி வருவார்.

“தம்பி படிக்கிறது ஒரு புஸ்தகமுங்க, நான் சொமக்கிறது ஒம்பது கட்டு,” என்பார். “அவன் பி.ஏ. பாஸ் பண்றதுக்குள்ள எனக்குக் கூன் பாஸாயிருமுங்க, வாத்தியாரே.”

2. நிலவரி

கடைசியாக வந்தது பொருளாதாரப் புத்தகம். அதற்குள் யுத்தத்தால் தடித்த தாள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஒன்பதாம் அத்தியாயம் நிலவரி. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. அட்டவணையைக் குத்துமுன் ஒவ்வொரு கட்டமாக எண்ணி இடம் ஒதுக்க வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் தாள் முழுவதும் வீண். இரண்டு தாள்களைக் கெடுத்தேன். மூன்றாவதும் கெட்டது. எனக்கு அலுத்துவிட்டது. பழைய வினாத்தாள்களைப் புரட்டினேன். நிலவரியில் கேள்வி இல்லை. அதுபோதும் என்று பத்தாம் அத்தியாயத்துக்குப் போனேன்.

‘விட்டவை’ தாளை எழுதியிருக்கலாம். எழுதினால் கல்லூரியிலிருந்து காரணம் கேட்பார்கள். அதுவரை என் வேலையை அவர்கள் மிகவும் புகழ்ந்திருந்தார்கள். ஆகவே பத்தாம் அத்தியாயத்தை ஒன்பது என்று குத்தி, பக்க எண்களையும் தொடர்ச்சியாகப் போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு மாதம் கழித்து மாதையனே அண்ணனோடு வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான்.

“சார், கடேசிக் கட்டுல பக்கம் ஒத்து வரலீங்க. புரபசர் ஒண்ணு சொல்றாருங்க, என் விரலுக்கு வேறொண்ணு வருதுங்க. பக்கத்துல உக்கார்றவன், நிலவரின்னு ஒரு பாடம் இருக்குதுங்கறான்.”

“அவன் வெச்சிருக்கிறது புதுப் பதிப்பா இருக்கும், மாதையா. நம்முளுது பழசு.”

“நானும் அதாங்க சொன்னேன். எங்க சார் எழுதுனா ஒரு புள்ளி தப்பாதுன்னு அவன்கிட்ட சண்டையே போட்டனுங்க.”

அண்ணன் சிரித்தார். “இவன் சாமியக்கூட நம்ப மாட்டானுங்க. உங்க ஊசியத்தான் நம்பறான்.”

அப்போது சொல்லியிருந்தால் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் மோர் கொண்டுவரச் சொல்லி, அவர்களைக் குடிக்கவைத்து அனுப்பினேன்.

சர்வகலாசாலைத் தேர்வில் நிலவரியில் ஒரு கட்டாயக் கேள்வி வந்தது. மாதையன் சொல்லச்சொல்ல எழுதுவதற்கென்று நியமித்திருந்தவர், அந்தக் கேள்வியைப் படித்துக்காட்டிவிட்டுக் காத்திருந்தாராம். மற்றத் தாள்களில் எல்லாம் தேறியவன் பொருளாதாரத்தில் தவறினான். கல்லூரி சொன்னபடியே அவன் சலுகையையும் திட்டத்தையும் நிறுத்தியது; அவன் ஊர் திரும்பினான். பார்வையற்றவர்களுக்குப் பட்டப்படிப்பு ஒத்துவராது என்பது தங்கள் அனுபவம் என்று எனக்கும் ஒரு கடிதம் போட்டார்கள். என் உழைப்புக்கு நன்றியும் அதிலேயே இருந்தது.

எழுத வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தாள் இல்லையென்றால் விடுங்கள், கை வலித்தால் விடுங்கள். விட்டதை விட்டேன் என்று எழுதுங்கள். கண்ணுள்ளவன் பக்கத்திலிருப்பவன் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். இவர்களுக்கு நீங்கள் எழுதியதுதான் புத்தகம்.

3. கடத்தூருக்குப் போனது

யுத்தம் முடிந்து தாள் கிடைக்கத் தொடங்கியபின், ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அந்த இருபத்துநான்கு பக்கங்களையும் குத்தினேன். ஓர் அட்டவணையையும் விடவில்லை. நடந்ததை ஒளிக்காமல் கல்லூரிக்கும் எழுதினேன். முதல்வர் மாறியிருந்தார். அப்படி ஒரு திட்டம் இப்போது இல்லை, ஆகவே நடவடிக்கை எதுவும் தேவைப்படாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கட்டோடு கடத்தூருக்குப் பஸ் ஏறினேன். மாதையன் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் கத்தாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். குரலிலேயே என்னைத் தெரிந்துகொண்டான்.

“வாங்க சார். ஆரு கூட்டியாந்தாங்க, வெயில்ல?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு நின்றது.

“நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தனுங்க,” என்றான். “படிச்சது மறந்துபோச்சுன்னு. இத்தன வருசமும்.”

கட்டை அவன் மடியில் வைத்தேன். முதல் தாளை எடுத்து விரலை ஓட்டினான். மறுபடி ஓட்டினான். வேறு விரலை வைத்தான். பிறகு உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினான். விரல் நுனிகளெல்லாம் நார் இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்தன.

“புள்ளி எதுவும் தெரியலீங்க சார். வழவழன்னு இருக்குது.”

“நான் படிச்சுக் காட்டறேன், மாதையா. முழுக்கப் படிக்கிறேன்.”

அவன் தாள்களைத் தட்டி அடுக்கி, என் கையில் திருப்பிக் கொடுத்தான். குரலில் கோபம் இல்லை.

“படிங்க. ஆனா எந்த எடத்துல எதை வுடுறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

கயிறு மறுபடி திரிய ஆரம்பித்தது. நான் முதல் வரியிலிருந்து படித்தேன். எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி அட்டவணை முடியும்வரை அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.