பேசிகினே உடைங்கடி

ஆரணி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஓடு உடைகிற சத்தம் காதில் விழுந்ததுமே நான் அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். பழக்கம் அப்படி.

படவேட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு எல்லாமே பெரியத்தைதான். அப்பாவுக்கு அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து வந்தவள், தம்பிகள் மூன்று பேர் குடும்பத்தையும் கட்டி மேய்த்தாள். விதை மல்லாட்டை உடைக்கும் நாளில் பொட்டைப் பிள்ளைகள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைப்பாள். விதை குறைந்தால் பாதி நிலம் சும்மா கிடக்கும். அதனால் ஒரே ஒரு சட்டம்.

"பேசிகினே உடைங்கடி!"

பேசுகிற வாய் தின்னாதாம். ஒருத்தி பேச்சை நிறுத்தினால் போதும், அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்? துன்றியா?"

தொண்ணூறு தாண்டிப் படுத்தபோது அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. "அத்தே, நான்தான், தெரியுதா?" என்று மூன்று நாள் கேட்டுப் பார்த்தேன். வெறுமனே பார்த்தாள். நாலாம் நாள் கேட்பதை விட்டுவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து விதை மல்லாட்டையைப் பேசாமல் உடைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னாடி, சத்தத்தையே காணோம்? துன்றியா?"

"ஆமா அத்தே," என்றேன். வாயில் நிஜமாகவே ஒரு பருப்பு இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் அடுத்த ஓட்டை உடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன்.

இதைச் சொல்லி முடித்தபோது பக்கத்துப் பெண் கை நிறைய மல்லாட்டையை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, துன்னுகினே பேசுங்க."